அணைத்து வைத்த புள்ளி

அந்த வீட்டில் சமையலறைக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு. அந்தப் பக்கம், முன்பு வெங்காய மூட்டையும் பழைய கயிறும் கிடந்த குறுகலான அறையில், மருமகளின் மேசையும் அதன்மேல் ஓர் அகலமான திரையும். திரையில் கடல்கள் எல்லாம் நீலமாக விரிந்து கிடந்தன. அவற்றின்மேல் உலகத்துக் கப்பல்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறியிருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கூர்மூக்கு உண்டு. மூக்கு எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அந்தத் திசையில் கப்பல் போகிறது என்று பொருள்.

மாமியார் முதன்முதலில் அதைப் பார்த்தபோது கையில் கரண்டியோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது, இத்தனை எறும்பு! சர்க்கரை எங்க கொட்டிக் கிடக்கு?"

"எங்கயோ கொட்டித்தான் இருக்கு அத்தை. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை" என்றாள் மருமகள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கப்பல்களுக்கு எறும்பு என்று பெயர் வந்துவிட்டது.

வீட்டுத் தொழில் தண்ணீர். துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் படகு ஒன்று அவர்களிடம் இருந்தது. அடிவயிறு பருத்து, கழுத்து குறுகி இருந்ததால் துறையில் எல்லாரும் அதைக் 'குடம்' என்றே அழைத்தார்கள். மாமனார்தான் உரிமையாளர். அவரைத் தண்ணீர்க்காரர் என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும். மகன் படகை ஓட்டுவான். தண்ணீர்க்காரர் பம்பையும் குழாயையும் பார்த்துக்கொள்வார். மற்ற நேரங்களில் மகன் படகை ஓட்டும் விதத்தைக் குறை சொல்வார்.

மலைபோன்ற கப்பல் கடல்நடுவே நின்றுகொண்டு தண்ணீருக்கு ஏங்குமா என்று மருமகளுக்குக் கல்யாணமான புதிதில் வியப்பாக இருந்தது. அவள் கடலில்லாத ஊரிலிருந்து வந்தவள். அங்கே ஒரு சரக்கு அலுவலகத்தில், எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று திரையில் பார்த்துச் சொல்லும் வேலை செய்தவள். ஆயினும் கப்பலை அவள் கண்ணால் கண்டது புகுந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். தாகத்தின் காரணத்தை அவளுக்கு விளக்கியவன் கணவன். கப்பல் ஓடும்போது அதன் இயந்திரச் சூட்டிலேயே கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் ஆக்கிக்கொள்ளும். நின்றுவிட்டால் இயந்திரம் குளிர்ந்துவிடும். தொட்டியில் இருப்பதை வைத்துத்தான் குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் வேண்டும். ஆகவே, நிற்கிற கப்பல் தாகமுள்ள கப்பல். அதைக் கேட்ட கணத்தில் அவளுக்குத் தன் பழைய அலுவலகத் திரை நினைவுக்கு வந்தது. எந்தக் கப்பல் எங்கே, எத்தனை நாளாக நிற்கிறது என்பதுதான் அதில் தெரியுமே!

அவள் சேமிப்பில் அந்தத் திரை வந்தது. வெங்காய மூட்டை மாடிப்படிக்கு அடியில் போயிற்று. தண்ணீர்க்காரர் ஒரு வாரம் மூக்கைச் சுளித்தார்.

"நான் மொட்டை மாடியில ஏறிப் பார்த்தா வர்ற கப்பல் தெரியாதா? இதுக்கு ஒரு டிவி பெட்டியா?"

"மொட்டை மாடியில இருந்து பார்த்தா வந்த கப்பல்தான் மாமா தெரியும். இதுல வரப்போற கப்பல் தெரியும்."

"வரப்போறது வராமப் போச்சுன்னா?"

"போச்சுன்னா அதுவும் தெரியும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள், அவள் சொன்ன கப்பல் சொன்ன இடத்தில் வந்து நின்றது. அதன்பின் காலையில் பல் துலக்கியதும் அவர் முதலில் எட்டிப்பார்ப்பது அந்த அறையைத்தான். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். "கயிறு இங்க இருந்துச்சே, பார்த்தியா?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்ப்பார்.

துறைக்குள்ளே புதிய மேடை கட்டிக் குழாய் போட்டுவிட்டார்கள். உள்ளே வந்து கட்டும் கப்பலுக்குக் குழாயே தண்ணீர் கொடுத்துவிடும். ஆகவே படகுகளுக்கு மிஞ்சியது வெளியே காத்துக் கிடக்கும் கப்பல்கள்தாம். அவற்றுக்கும் போட்டி இருந்தது. மஞ்சள் வண்ணம் அடித்த வேகப் படகு வைத்திருந்த ஒருவனைத் துறையில் பருந்து என்பார்கள். வட்டமிட்டுப் பார்த்து, பிறர் கண்டுபிடித்த இடத்தில் சட்டென்று இறங்குவான். ஒருமுறை, குடம் ஒரு கப்பலுக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் முந்திக்கொண்டு, குழாயே மாட்டிவிட்டான்.

"எப்படிடா தெரிஞ்சுது அவனுக்கு? நம்ம வீட்டுச் சுவத்துக்குக் காது முளைச்சிருக்கா?" என்று தண்ணீர்க்காரர் குதித்தார்.

சுவருக்கு ஒன்றும் முளைக்கவில்லை. குடத்திலும், எல்லாப் படகுகளிலும் உள்ளதுபோல், தான் இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. மருமகள் உலகத்துக் கப்பல்களைப் பார்ப்பதுபோல், பருந்து தன் கைப்பேசியில் குடத்தின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"அப்போ நம்ம புள்ளியை அணைச்சிட்டுப் போனா?" என்று கேட்டவள் மருமகள்தான். கேட்ட பிறகுதான், அணைக்கக்கூடாது என்று சட்டம் இருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் தண்ணீர்க்காரர் தொடையைத் தட்டிவிட்டார்.

"அப்படிப் போடு! இதுக்குத்தான் படிச்ச பொண்ணு வேணுங்கிறது."

மறுநாளே மகன் சுக்கானுக்குக் கீழே, தேநீர்க் குடுவை வைக்கும் பலகைக்கு அடியில், ஒரு சுவிட்சு பொருத்தினான். அதோடு நிற்கவில்லை. கப்பலுக்குப் போகும் படகு, துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த வயர்லெஸ்ஸை எல்லாப் படகுகளும் கேட்கும். ஆகவே அதையும் சொல்லாமல் விட்டார்கள். தங்களுக்குள் பேச வேண்டியிருந்தால் உறவுமுறையில் பேசினார்கள். வடக்கே நிற்கும் எண்ணெய்க் கப்பல் பெரியப்பா. இரும்புத் தாது ஏற்றிய கப்பல் மூத்த சம்பந்தி. 'பெரியப்பாவுக்குக் காய்ச்சல்' என்றால் நாளைக்குத் தண்ணீர் வேண்டும் என்று பொருள்.

"எனக்கே தெரியாம எனக்கு இவ்வளவு சொந்தமா?" என்று மாமியார் சிரிப்பாள். "ஒருத்தராவது வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாங்களா?"

இவ்வாறு, உலகத்துக் கப்பல்கள் எல்லாம் தெரிகிற அந்தத் திரையில், அந்த வீட்டின் சொந்தப் படகு மட்டும் தெரியாமல் போயிற்று. அதில் உள்ள வேடிக்கை அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகலில், மருமகள் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கப்பல்கள் திரும்பத் தொடங்கின.

வேறொரு கடலின் கரையில் ஒரு பெரிய துறைமுகத்தைப் புயல் மூடிவிட்டிருந்தது. அவள் செய்தியைப் பிறகுதான் கேட்டாள். கப்பல்களைத்தான் முதலில் பார்த்தாள். நடுக்கடலில் நேராக ஓடிக்கொண்டிருந்த ஒரு புள்ளி வேகம் குறைந்தது. மூக்கு மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வளைந்தது. அடுத்தது வளைந்தது. இன்னும் தொலைவில் இன்னொன்று. ஒன்றையொன்று கண்ணால் காணாத கப்பல்கள், வேறுவேறு கொடியும் வேறுவேறு மொழியும் கொண்டவை, யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கும் மாடுகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் திருப்பின. அத்தனைக்கும் நிற்க இடம் வேண்டும். ஆழமும் காற்றடக்கமும் உள்ள இடம், அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு எதிரே விரிந்திருந்த கடல்தான்.

"அத்தை! இங்க வாங்க! சீக்கிரம்!"

மாமியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதெல்லாம் நம்ம ஊருக்கா?"

"நம்ம ஊருக்குத்தான்."

"கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வருதே. யாரும்மா இதுகளுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல அத்தை. அதுதான் எனக்கே மயிர்க்கூச்செறியுது. அது அது தன் கணக்கைப் போட்டுக்கிட்டுத் திரும்புது. எல்லார் கணக்கும் ஒரே இடத்துல வந்து நிக்குது."

மூன்றாம் நாள் விடிந்தபோது வீட்டார் எல்லாரும் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார்கள். தொடுவானம் இருந்த இடத்தில் ஓர் ஊர் முளைத்திருந்தது. கோபுரங்களும் மாடங்களும் புகைபோக்கிகளுமாக, தண்ணீரின்மேல் ஒரு தெரு. தண்ணீர்க்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் பிறருக்கு அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கப்பல்களுக்குள் ஒரு தானியக் கப்பலை மருமகள் குறித்துவைத்திருந்தாள். மற்றவை புதிதாக வந்தவை. அது புயலுக்கு முன்பிருந்தே நிற்பது. கட்டாயம் தொட்டி வற்றியிருக்கும் என்று அவளே அதன் ஏஜென்டுக்குத் தொலைபேசியில் கேட்டாள். "நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் அவர். வீட்டில் அதற்குச் சின்ன அத்தை என்று பெயர் வைத்தார்கள்.

ஆண்கள் இருவரும் புறப்பட்ட காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் தூக்குச்சட்டியில் போயின. குடம் கரையை விட்டதும் திரையில் அதன் புள்ளி கொஞ்சத் தூரம் ஊர்ந்தது, பிறகு மறைந்தது. மகன் சுவிட்சை அமுக்கிவிட்டான் என்று மருமகள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

மாமியார்தான் முதலில் கவனித்தாள்.

"ஏம்மா, ஜன்னல்ல கடலைக் காணோம்."

உண்மைதான். கடல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. மூடுபனி எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து, கப்பல் ஊரை விழுங்கி, எதிர்வீட்டுக் கொடிக்கயிற்றையும் விழுங்கிவிட்டிருந்தது. அப்போது ஒலி கேட்டது. முதலில் ஒரு மணி, பரபரவென்று அடித்து நின்றது. அது ஓயுமுன் இன்னொன்று, சற்றுத் தொலைவில், வேறு குரலில். பிறகு இன்னொன்று. நங்கூரம் போட்ட கப்பல்கள் பனியில் மணியடித்துத் தாம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பது கடல் விதி. திரையில் மருமகள் நாள்தோறும் பார்த்த புள்ளிகள் ஒவ்வொன்றும், கண்ணுக்குத் தெரியாமல், தன் தன் தொண்டையில் கூவிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அடுப்பில் கொதிப்பதை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நம்ம ஆளுங்க எங்க?" என்றாள் மாமியார்.

"சின்ன அத்தை பக்கத்துல. தண்ணி ஏத்திக்கிட்டு இருப்பாங்க."

"பக்கத்துலன்னா? காட்டு."

மருமகள் தானியக் கப்பலின் புள்ளியை ஒட்டி, வெறும் நீலத்தில் விரலை வைத்தாள். "இங்க இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

அவள் விரலை எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திரையின் ஓரத்தில் ஒரு பெரிய புள்ளி உள்ளே நுழைந்தது. அதைத் தொட்டதும் அதன் விவரம் விரிந்தது. பெட்டிகள் ஏற்றிய கப்பல். நீளத்தைப் படித்ததும் மருமகள் தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெருவை அப்படியே பெயர்த்து அதன்மேல் வைத்தாலும் இரண்டு முனையிலும் இடம் மிஞ்சும். அதன் கூர்மூக்கு வடக்கே இருந்த ஆழமான இடத்தை நோக்கியிருந்தது. மூக்கிலிருந்து நீண்டு, அது போகப்போகும் வழியைக் காட்டும் கோடு, தானியக் கப்பலின் இடப்பக்கத்தை உரசாத குறையாகப் போயிற்று.

தண்ணீர் ஏற்றும் வாய் தானியக் கப்பலுக்கு இடப்பக்கத்தில்தான் இருந்தது. குடம் கட்டியிருந்தது அந்தப் பக்கத்தில்.

"மோதிடுமா?" என்றாள் மாமியார்.

"மோதாது அத்தை. அவங்க ராடார்ல சின்ன அத்தை நல்லாத் தெரியும், விலகித்தான் போவாங்க. ஆனா நம்ம படகு அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பக்கத்துல ஒரு படகு கட்டியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் வேகத்தைக் குறைச்சு, தள்ளிப் போவாங்க. தெரியலன்னா..."

"தெரியலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." மாமியாரின் குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு பெருசு வேகமாப் போனா, தண்ணியை உறிஞ்சி இழுக்கும், அப்புறம் திருப்பி அடிக்கும். கட்டின கயிறு நூலாட்டம் அறும். இரும்புச் சுவத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல படகு முட்டை மாதிரி. நான் இந்தத் துறையில வாழ்க்கைப்பட்டவம்மா."

மருமகள் கணவனுடைய கைப்பேசிக்கு அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அறை மூலையில் இருந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள். "சின்ன அத்தை வீட்டுக்குப் போனவங்க, கேக்குதா? உடனே கயிறை அவுத்துட்டு வாங்க. கேக்குதா?" கரகரப்பு மட்டுமே வந்தது. பம்பு ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. குடத்தின் பம்புச் சத்தத்தைத் தண்ணீர்க்காரர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

பெரிய புள்ளி நகர்ந்தது. திரையில் அது ஒரு நகக்கண் அகலம். அங்கே அது எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு வழி இருந்தது. கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, கப்பலின் உண்மைப் பெயரைச் சொல்லி, படகு அங்கே கட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லாப் படகும் கேட்கும், பருந்தும் கேட்பான். அதுகூடப் பெரிதில்லை. சொல்லாமல் போனதும், பெட்டியை அணைத்ததும் வெளிப்பட்டுவிடும். அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்கவில்லை.

"எதுக்கும்மா யோசிக்கிற?"

"படகு லைசென்ஸ் போயிடும் அத்தை. மாமா வாழ்நாளெல்லாம் சேர்த்தது."

"போகட்டும். லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கிட்டு, நான் யாருக்குத் தட்டு வைப்பேன்? அமுக்கு."

அவள் அமுக்கினாள்.

தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னாள். தன் படகின் பெயர், தானியக் கப்பலின் பெயர், இடப்பக்கம், கயிற்றில் கட்டியிருக்கிறது, குழாய் மாட்டியிருக்கிறது, உள்ளே இரண்டு பேர்.

கட்டுப்பாட்டு அறை அதிகாரியின் குரல் அசதியோடு வந்தது. "அம்மா, யார் பேசுறது? அந்தக் கப்பல்கிட்ட எந்தப் படகும் இருக்கிறதா எங்ககிட்ட பதிவு இல்லையே."

"இருக்காது சார். நாங்க சொல்லல."

"ஸ்கிரீன்லயும் இல்லையே."

"அதுலயும் இருக்காது. பெட்டியை அணைச்சு வச்சிருக்கோம். அணைக்கச் சொன்னதே நான்தான். என்ன வேணும்னாலும் அப்புறம் கேளுங்க சார். இப்போ அந்த நீளக் கப்பலைத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

கரகரப்பும் இல்லாத ஒரு மௌனம். அந்தத் துறையின் படகுகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் மௌனம் அது. பிறகு அதிகாரி பேசியபோது அசதி பறந்துவிட்டிருந்தது. நீளக் கப்பலை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் பொதுவாகப் பேசும் அந்தக் குறுகிய பாஷையில் இரண்டே வாக்கியம் சொன்னார்.

பதில் வந்தது. எந்த நாட்டுக்காரனோ, நிதானமான, கொஞ்சம் மூக்கடைத்த குரல். சரி, வேகம் குறைக்கிறோம், வலப்பக்கம் ஒதுங்குகிறோம், அந்தச் சின்னப் படகில் இருப்பவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று மாமியார் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சரின்னு சொல்றாங்க அத்தை."

"சரின்னா நிக்கட்டுமே! ஏன் இன்னும் வருது?"

"அவ்வளவு பெருசு சட்டுனு நிக்காது. இயந்திரத்தை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் தன் பாட்டுக்கு வரும்."

திரையில் வேக எண் பதினான்கு என்று இருந்தது. அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். பதினான்கு அப்படியே நின்றது. பிறகு பதின்மூன்று ஆயிற்று. அந்த ஓர் எண் குறைவதற்குள் அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. மாமியார் ஓடிப்போய் அணைத்துவிட்டு ஓடிவந்தாள். பன்னிரண்டு. மணிகள் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தன. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு சங்கொலி கிளம்பியது. காதால் கேட்பதற்கு முன் காலடித் தரையில் உணரும் ஒலி. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மாமியார் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

அந்தக் கணத்தில் கூர்மூக்கு அசைந்தது.

இம்மியளவுதான். வெங்காயத் தோல் காற்றில் திரும்புவதுபோல். ஆனால் அசைந்தது, இன்னும் அசைந்தது. தானியக் கப்பலின் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கோடு மெல்ல விலகி, நீலத்தில் ஓர் இடைவெளி திறந்தது. ஒரு தெருவைவிட நீளமான இரும்பு, ஆயிரமாயிரம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு, எங்கோ பிறந்த மாலுமிகளோடு, எங்கோ காத்திருக்கும் கடைகளுக்கான சாமான்களோடு, வெங்காய மூட்டை இருந்த அறையிலிருந்து ஒரு பெண் சொன்ன சொல்லுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி." வயர்லெஸ்ஸில் புதிய குரல். பருந்து. "அங்க பம்புச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அந்தத் தானியக் கப்பல்காரனைக் கூப்பிட்டு மேல இருந்து தட்டச் சொல்லியிருக்கேன். பயப்படாதீங்க."

நீளக் கப்பலின் புள்ளி தானியக் கப்பலின் புள்ளிக்கு நேராக வந்தது. அருகருகே நின்றதுபோல் தோன்றியது. கடந்தது. அதன்பின் திரையில் ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் நடவாத திரையைப்போலக் கொடியது வேறில்லை என்று மருமகள் அன்று அறிந்தாள்.

"ஏதாவது சொல்லச் சொல்லும்மா" என்றாள் மாமியார்.

"யாரை அத்தை?"

"யாரையாவது."

அப்போது, தானியக் கப்பலை ஒட்டிய வெறும் நீலத்தில், சற்றுமுன் அவள் விரல் வைத்த அதே இடத்தில், ஒரு சிறு புள்ளி மினுக்கென்று எழுந்தது.

மாமியார் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள். பக்கத்தில் தானியக் கப்பல் பூசணி விதைபோல இருந்தது, இது கடுகு.

"இதுவா?"

"இதுதான்."

"இவ்வளவூண்டா நாம?"

"இவ்வளவூண்டுதான் அத்தை."

வயர்லெஸ் கரகரத்தது. தண்ணீர்க்காரரின் குரல், மூச்சு வாங்க, வழக்கமான எரிச்சலோடு வந்தது. "வீட்டுல யாரு? எவனோ மேல இருந்து வாளியைக் கயிறுல இறக்கி என் மண்டை மேலயே தட்டுறான்! பம்பை நிறுத்துறேன், கடலே எழுந்து நிக்குது! படகு உரசாம இருக்கப் பக்கத்துல மாட்டின டயர் ரெண்டு கிழிஞ்சு போச்சு. ஒரு கயிறு போச்சு. ஆளுங்க இருக்கோம். பையன் சட்டை முழுக்க வாந்தி."

"நான் வாந்தி எடுக்கல, அது தேத்தண்ணி" என்று பின்னாலிருந்து மகனின் குரல் கேட்டது.

மாமியார் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கருவியை அவள் அதற்குமுன் தொட்டதில்லை. "வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க. இனிமே பெட்டியை மட்டும் அணைச்சீங்கன்னா, இந்த வீட்டு அடுப்பும் அணைஞ்சிருக்கும், ஆமா."

துறை முழுதும் அதைக் கேட்டது. யாரோ ஒரு படகுக்காரர் களுக்கென்று சிரித்தார், அதிகாரி செருமினார்.

பனி கலைந்தபோது பெண்கள் இருவரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். முதலில் கொடிக்கயிறு திரும்பி வந்தது, பிறகு கரை, பிறகு கப்பல் ஊர். வடக்கே, அதுவரை அவர்கள் புள்ளியாக மட்டுமே கண்டிருந்த அந்த நீளக் கப்பல், வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் பெட்டிகள் நிறம்நிறமாக, ஓர் ஊரின் ஜன்னல்களைப்போல் அடுக்கியிருந்தன. அதன் பின்னணியில் குடம், ஒரு பக்கம் டயர் கிழிந்து தொங்க, தத்தித் தத்திக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

லைசென்ஸை அடியோடு பிடுங்கவில்லை. உண்மையை நேரத்தில் சொன்னதற்காக, அந்த மாதம் முழுவதும் படகு கரையில் கட்டிக் கிடக்க வேண்டும் என்பதோடு விட்டார்கள். தானியக் கப்பலுக்கு மீதித் தண்ணீரைப் பருந்து கொடுத்தான். அவன் படகு கொண்டுபோன தண்ணீரும் அதன் தொட்டியில் பாதிக்குத்தான் வந்ததாம். மூன்றாவது படகையும் அழைத்தார்கள். ஒரு கப்பலின் தாகத்துக்கே மூன்று படகும் போதவில்லை. வெளியே அப்படி ஓர் ஊரே நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்ட தண்ணீர்க்காரர் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். திரும்பி வந்து, பலகைக்கு அடியிலிருந்து கழற்றிய சுவிட்சை மருமகளின் மேசைமேல் வைத்தார்.

"கயிறு இங்க இருந்துச்சே, பார்த்தியா?" என்று கேட்டார்.

"மாடிப்படிக்கு அடியில இருக்கு மாமா" என்றாள் அவள்.

அவர் அந்தப் பக்கம் போகாமல் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இம்முறை பார்ப்பதை மறைக்கவில்லை.

கரையில் கட்டிக் கிடந்தாலும் குடத்தின் பெட்டி எரிந்துகொண்டே இருந்தது. மாமியார் வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். அசையாத புள்ளியில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஒரு நாள் மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றவள் கேட்டாள்: "அந்தப் பெரிய எறும்பு எங்கம்மா இப்போ? நமக்காக ஒதுங்கினதே, அது?"

மருமகள் படத்தைச் சுருக்கினாள். துறை மறைந்தது, கரை மறைந்தது, நாடுகள் சிறுத்துப் போயின. வேறொரு பெருங்கடலின் நட்டநடுவே, சுற்றிலும் ஒன்றுமில்லாத நீலத்தில், ஒரு புள்ளி தன்னந்தனியாக மேற்கே போய்க்கொண்டிருந்தது.

"அதோ."

"அங்க இப்போ பகலா, ராத்திரியா?"

"ராத்திரி அத்தை."

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, தெருமுனை திரும்பும்வரை நின்று உறவினரை வழியனுப்புகிறவளைப்போல, மாவுக் கையை உயர்த்தினாள்.

"பார்த்துப் போயிட்டு வாப்பா" என்றாள்.